எஸ்டிஎம்32எச்743: டி-கேஷை இயக்கினால் டிஎம்ஏ பஃபரில் பழைய தரவு, இன்வாலிடேட் செய்தால் பக்கத்து வேரியபிள் காலி

சாலிடர்புகை கேட்டது:

நியூக்ளியோ எச்743 போர்டு (எஸ்டி-யின் எஸ்டிஎம்32எச்743 மைக்ரோகண்ட்ரோலர்), கோர் 400 மெகாஹெர்ட்ஸ், ஜிசிசி கம்பைலர், ஓ2 ஆப்டிமைசேஷன். யூசார்ட்3 (சீரியல் போர்ட்) 115200 பாட். பெறுவது டிஎம்ஏ1 (சிபியு தலையிடாமல் தரவை நேராக ராமில் எழுதும் ஹார்டுவேர்) ஸ்ட்ரீம் 0 வழியாக, நார்மல் மோடு (பஃபர் நிரம்பியதும் நிற்கும்). எதிர்முனை எப்போதும் 100 பைட் ஃப்ரேம்தான் அனுப்பும். கடைசி 2 பைட் சிஆர்சி (பிழை கண்டறியும் சரிபார்ப்பு எண்). ஃப்ரேம்களுக்கு நடுவே 50 மில்லிசெகண்ட் இடைவெளி.

டி-கேஷ் (ராமில் உள்ள தரவின் பிரதியைக் கோருக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் வேக நினைவகம்) அணைந்திருந்தால் நாள் முழுக்க ஓடினாலும் ஒரு பிழை இல்லை. இயக்கியதும் நடப்பவை, நான் செய்து பார்த்த வரிசையில்:

முதலில் எதுவும் சேர்க்காமல் கேஷை மட்டும் இயக்கினேன். முதல் ஃப்ரேம் சரி. இரண்டாவதிலிருந்து முதல் ஃப்ரேமின் பைட்டுகளே திரும்பத் திரும்பத் தெரிகின்றன. சில நேரம் பாதி புதிது, பாதி பழையது. பஃபரை வோலட்டைல் என்று அறிவித்தும் மாற்றமில்லை.

பிறகு, பெறுதல் முடிந்த கால்பேக்கின் முதல் வரியில் சிஎம்சிஸ் (ஆர்ம் கோர்களுக்கான அடிப்படை நூலகம்) தரும் முகவரி வாரி இன்வாலிடேட் (கேஷ் பிரதியைச் செல்லாததாக்கும்) ஃபங்ஷனை 100 பைட்டுக்கு அழைத்தேன். தரவு சரியாகிவிட்டது, சிஆர்சி பொருந்துகிறது. ஆனால் அதே கால்பேக்கில் கூட்டப்படும் ஃப்ரேம் எண்ணி (கவுண்டர்) 1-லேயே நிற்கிறது. எப்போதாவது 2, 3 என்று ஏறும், மறுபடி நிற்கும்.

கடைசியாக இன்வாலிடேட்டுக்குப் பதில் கிளீன்-இன்வாலிடேட் (கிளீன் என்றால் கேஷ் பிரதியை ராமில் எழுதுவது) போட்டேன். எண்ணி ஒழுங்காக ஏறுகிறது, சிஆர்சி தவறுகிறது. ஒப்பிட்டுப் பார்த்தால் முதல் 80 பைட் புதியவை, 80 முதல் 99 வரை முந்தைய ஃப்ரேமுடையவை. ஒவ்வொரு முறையும் அதே 20 பைட்.

மேப் கோப்பின்படி பஃபர் ஹெக்ஸ் 24000050-இல் தொடங்குகிறது, எண்ணி அதற்கு அடுத்தே உட்கார்ந்திருக்கிறது. எம்பியு-வை (எந்த நினைவகப் பகுதியைக் கேஷ் செய்யலாம் என்று அமைக்கும் யூனிட்) இன்னும் தொடவில்லை.

இரண்டில் எந்த ஃபங்ஷன் சரி? அல்லது இரண்டுமே தவறா? அடுத்த கட்டத்தில் இதே போர்டில் ஈதர்நெட்டும் எல்டபிள்யூஐபி-யும் (சிறிய டிசிபி/ஐபி நூலகம்) வரும். அதே புரோட்டோகால் ஜிங்க்-7000-இல் (ஆர்ம் கோரும் எஃப்பிஜிஏ-வும் சேர்ந்த சிப்) லினக்ஸ் டிரைவராகவும் வேண்டும். ஆகவே கேஷை அணைத்துவிட்டுப் போகும் யோசனை வேண்டாம்.

---

வரிக்குவரி பதில்:

நீங்கள் தந்த முகவரியே விடையைச் சொல்லிவிடுகிறது. எச்743-இன் கோரான கார்டெக்ஸ்-எம்7-இல் ஒரு கேஷ் லைன் (கேஷ் ஒரே தடவையில் கையாளும் துண்டு) 32 பைட். கிளீனோ இன்வாலிடேட்டோ, முழு லைனுக்குத்தான் நடக்கும். 100 பைட் என்று நீங்கள் கொடுப்பது எத்தனை லைன் என்று கணக்கிட மட்டுமே பயன்படுகிறது.

ஏஎக்ஸ்ஐ எஸ்ராமின் (உங்கள் பஃபர் இருக்கும் ராம், ஹெக்ஸ் 24000000) தொடக்கத்திலிருந்து டெசிமலில் எண்ணுவோம். ஹெக்ஸ் 50 என்றால் 80. பஃபர் 80 முதல் 179 வரை. அதைத் தொடும் லைன்கள் நான்கு: 64–95, 96–127, 128–159, 160–191. நடு இரண்டும் முழுக்கப் பஃபருக்குச் சொந்தம். முதல் லைனில் 64 முதல் 79 வரை வேறு யாரோ குடியிருக்கிறார்கள். கடைசி லைனில் 160–179 உங்கள் பஃபரின் 80 முதல் 99 வரையிலான பைட்டுகள், 180-இல் எண்ணி. நீங்கள் பார்த்த அந்த 20 பைட் இதுதான்.

கால்பேக்கில் எண்ணியைக் கூட்டும்போது அந்த லைன் கேஷுக்குள் வந்து டர்ட்டி (மாறியது, ஆனால் ராமுக்கு இன்னும் போகாதது) ஆகிறது. எச்7-இல் எம்பியு-வைத் தொடாவிட்டால் ஹெக்ஸ் 20000000 முதல் உள்ள எஸ்ராம் பகுதிக்கு இயல்பான கொள்கை ரைட்-பேக், ரைட்-அலோகேட். ஆகவே புதிய மதிப்பு கேஷில் மட்டும் இருக்கிறது, ராமில் இல்லை. அடுத்த ஃப்ரேமை டிஎம்ஏ நேராக ராமில் எழுதுகிறது. இப்போது ஒரே 32 பைட்டுக்கு இரண்டு பிரதிகள்: எண்ணி கேஷில் புதிது, 20 பைட் தரவு ராமில் புதிது. இன்வாலிடேட் செய்தால் கேஷ் பிரதியைத் தூக்கி எறிகிறீர்கள், எண்ணி ராமில் இருந்த பழைய 0-க்குத் திரும்பி, கூட்டியதும் 1. நடுவில் வேறு காரணத்தால் அந்த லைன் எவிக்ட் ஆகி (கேஷிலிருந்து வெளியேற்றப்பட்டு) ராமுக்குப் போயிருந்தால் மட்டும் 2, 3 என்று ஏறும். கிளீன்-இன்வாலிடேட் செய்தால் கேஷ் பிரதி முழுதாக ராமில் எழுதப்பட்டு, டிஎம்ஏ கொண்டுவந்த 20 பைட்டை அழிக்கிறது.

எனவே "எந்த ஃபங்ஷன்" என்ற கேள்விக்கு, இந்த இட அமைப்பில் விடையே கிடையாது. நீங்கள் ஒன்றும் அழைக்காவிட்டாலும், டிஎம்ஏ ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த டர்ட்டி லைன் தானாக எவிக்ட் ஆகித் தரவைக் கெடுக்கும். சோதனையில் வராது, வாடிக்கையாளர் இடத்தில் வரும் வகை.

செய்ய வேண்டியது: பஃபரை 32-இன் மடங்கில் தொடங்க வையுங்கள், அளவையும் 32-இன் மடங்குக்கு உயர்த்துங்கள். 100 என்பது 128 ஆகட்டும். தொடக்கத்தை மட்டும் சீராக்கி அளவை 100-லேயே விடுகிறவர்கள்தான் அதிகம். லிங்கர் மீதி 28 பைட்டில் தாராளமாக வேறு வேரியபிளை வைத்துவிடும்.

அதன் பிறகு பெறும் பக்கத்துக்கு ஒழுங்கு இப்படி. டிஎம்ஏ தொடங்கும் முன் 128 பைட்டையும் இன்வாலிடேட் செய்யுங்கள். முன்பு அந்தப் பஃபரை யாராவது மெம்செட் செய்திருந்தால் அந்த டர்ட்டி லைன்கள் பாதி வழியில் ராமில் போய் விழாமல் இருக்க. டிஎம்ஏ முடியும் வரை பஃபரைத் தொடாதீர்கள். முடிந்ததும் மறுபடி இன்வாலிடேட், பிறகே வாசிப்பு. முன்பே ஒரு முறை செய்தோமே என்று இரண்டாவதை விட்டுவிடக் கூடாது: எம்7 நார்மல் நினைவகத்தை ஊகமாக முன்கூட்டியே வாசிக்கக்கூடிய கோர், டிஎம்ஏ நடக்கும்போதே பழைய லைனைக் கேஷுக்குள் இழுத்து வைத்திருக்கலாம். அனுப்பும் பக்கம் எளிது: பஃபரை நிரப்பு, கிளீன் செய், டிஎம்ஏ-வை இயக்கு. சிஎம்சிஸ் ஃபங்ஷன்களுக்குள்ளேயே டிஎஸ்பி (முந்தைய நினைவக வேலைகள் முடியும் வரை காக்க வைக்கும் கட்டளை) இருக்கிறது; ரெஜிஸ்டரில் நேரடியாக எழுதிச் செய்தால் அதை நீங்களே போட வேண்டும்.

இன்னொன்று. பழைய சிஎம்சிஸ் தலைப்புக் கோப்புகளில் அந்த ஃபங்ஷன், சீரில்லாத தொடக்க முகவரியைக் கணக்கில் எடுக்காது. லைனின் நடுவில் 16-ஆம் பைட்டில் தொடங்கும் 64 பைட் பஃபர் மூன்று லைன்களைத் தொடும். பழைய ஃபங்ஷன் இரண்டைத்தான் இன்வாலிடேட் செய்யும். உங்கள் 100 பைட்டுக்கு நான்குமே கிடைத்தது தற்செயல்.

வோலட்டைல் கம்பைலருக்கான சொல். "ஒவ்வொரு முறையும் லோட் கட்டளை போடு" என்கிறது. போடுகிறது. அந்த லோட் கேஷில் அடிக்கிறது.

---

டேட்டாஷீட்டுதாசன் பதில்:

மேலே சொன்னது முழுக்க சரி. கூடவே பஃபர் எங்க இருக்குன்னும் பாருங்க, எச்7-ல பாதி பேர் அங்கதான் விழுவாங்க.

ஹெக்ஸ் 20000000-ல இருக்கிற 128 கேபி டிடிசிஎம்-க்கு (கோரோட நேரா ஒட்டின ராம்) கேஷே கிடையாது, அதனால கோஹெரன்ஸ் (பிரதிகள் ஒத்துப்போறது) பிரச்சினையும் இல்ல. "அப்ப பஃபரை அங்க வெச்சுடலாமே"ன்னு தோணும். எச்7-ல டிஎம்ஏ1, டிஎம்ஏ2 ரெண்டுமே டிடிசிஎம்-ஐ எட்டாது. எம்டிஎம்ஏ-ங்கிற இன்னொரு டிஎம்ஏ மட்டும்தான் எட்டும். எஃப்7-ல எட்டும், அதனால எஃப்7-லிருந்து கொண்டுவந்த கோடு இங்க டிரான்ஸ்ஃபர் எரர் கொடுத்து நிக்கும். லிங்கர் ஸ்கிரிப்ட்ல ஸ்டாக் டிடிசிஎம்-ல இருந்தா, லோக்கல் அரேயை டிஎம்ஏ-வுக்குக் கொடுத்தாலும் அதே எரர்தான்.

நீங்க இப்ப இருக்கிற ஏஎக்ஸ்ஐ எஸ்ராம், 24000000-ல 512 கேபி, தப்பில்ல. ஆனா யூசார்ட், எஸ்பிஐ மாதிரி டி2 டொமைன் (சிப் டி1, டி2, டி3-னு மூணு பகுதி) சாதனத்துக்கு 30000000-ல இருக்கிற எஸ்ராம்1 (128 கேபி) பக்கத்து வீடு. அதுக்கு அடுத்து 30020000-ல எஸ்ராம்2 128 கேபி, 30040000-ல எஸ்ராம்3 32 கேபி. எஸ்பிஐ6, ஐ2சி4, எல்பியுவார்ட்1 இதெல்லாம் பிடிஎம்ஏ-ல (டி3 டொமைனோட டிஎம்ஏ) ஓடும். அதுக்குத் தெரிஞ்ச ராம் டி3-ல மட்டும்தான், முக்கியமா 38000000-ல இருக்கிற 64 கேபி எஸ்ராம்4. எஸ்டிஎம்எம்சி1-க்குள்ள (எஸ்டி கார்டு இன்டர்ஃபேஸ்) இருக்கிற ஐடிஎம்ஏ நேர்மாறு: டி1 பக்கம்தான் பார்க்கும், எஸ்ராம்1-ல பஃபர் வெச்சா வேலைக்கு ஆகாது.

டி2 எஸ்ராமுக்குப் போனா மூணு விஷயம். ஒண்ணு, அந்த ராமோட கிளாக்கை ஆர்சிசி-ல (கிளாக், ரீசெட் பிளாக்) ஏஎச்பி2 எனேபிள் ரெஜிஸ்டர்ல போட்டுத்தான் தொடணும். தொடக்க மதிப்பு உள்ள வேரியபிள் அங்க இருந்தா, ஸ்டார்ட்அப் கோடு காப்பி பண்றதுக்கு முன்னாடியே போடணும். ரெண்டு, லிங்கர்ல தனி செக்ஷன் எழுதும்போது நோலோட் (பின் கோப்புல சேர்க்காதேங்கிற குறி) போடுங்க. மறந்தா பின் கோப்பு 08000000-லிருந்து 30000000 வரைக்கும் நிரப்பிக்கிட்டு 640 எம்பி-க்கு மேல வந்து நிக்கும். மூணு, நோலோட் போட்டா பூஜ்யம் போட்டுக் கொடுக்க யாரும் இல்ல. நீங்களே மெம்செட் பண்ணணும், பண்ணின கையோட கிளீன்-இன்வாலிடேட் பண்ணணும்.

டி-கேஷ் முழுசையும் இன்வாலிடேட் பண்ற ஃபங்ஷன் ஒண்ணு இருக்கு, முகவரி கேட்காது. ஓடிக்கிட்டு இருக்கிற கோடுல அதைக் கூப்பிடவே கூடாது. ஏஎக்ஸ்ஐ எஸ்ராம்ல இருக்கிற ஸ்டாக்கோட டர்ட்டி லைன்களும் சேர்ந்து போயிடும், ஃபங்ஷன் திரும்பிப் போக முகவரி இருக்காது, ஹார்ட்ஃபால்ட். 16 கேபி கேஷ், 4 வே, 128 செட், மொத்தம் 512 லைன். உங்களுக்கு வேணும்னது அதுல நாலே நாலு.

---

சாலிடர்புகை:

இருவருக்கும் நன்றி. 32-க்குச் சீராக்கி 128 பைட் ஆக்கியதும் எண்ணி, சிஆர்சி இரண்டும் சரி. கேஷோடு 2 லட்சம் ஃப்ரேம் ஓடவிட்டதில் பிழை இல்லை.

இப்போது ஃப்ரேம் நீளம் மாறக்கூடியதாக ஆக வேண்டும், டெக்ஸ்ட் கட்டளைகளும் வரும். அதனால் சர்க்குலர் மோடும் (டிஎம்ஏ பஃபரின் முடிவிலிருந்து தொடக்கத்துக்குச் சுற்றும்) ஐடில் இன்டரப்ட்டும் (சீரியல் வரவு நின்றதும் வரும்). ஐடில் வரும்போது டிஎம்ஏ ஒரு கேஷ் லைனின் நடுவில் நிற்கும். அந்த நேரத்தில் இன்வாலிடேட் செய்தால் ஆபத்தா? மேலும், எஸ்ராம் முழுவதையும் எம்பியு-வில் ரைட்-த்ரூ (எழுதுவது கேஷோடு ராமுக்கும் உடனே போகும் கொள்கை) ஆக்கிவிட்டால் டர்ட்டி லைன் என்பதே இல்லாமல் போகுமே, அது போதாதா?

---

வரிக்குவரி பதில்:

சர்க்குலரில் ஒரே ஒரு விதியைக் காப்பாற்றினால் போதும்: அந்தப் பஃபருக்குள் சிபியு ஒரு பைட் கூட எழுதக் கூடாது. எழுதாதவரை அந்த லைன்கள் டர்ட்டி ஆகாது. டர்ட்டி இல்லாத லைனை எப்போது, எத்தனை முறை இன்வாலிடேட் செய்தாலும் எதுவும் இழக்கப்படாது. டிஎம்ஏ அதே லைனில் எழுதிக்கொண்டிருந்தாலும் சரி, அடுத்த முறை அதே லைனை மறுபடி இன்வாலிடேட் செய்து வாசிப்பீர்கள்.

ஐடில், பாதி முடிவு, முழு முடிவு மூன்று இன்டரப்ட்டிலும் ஒரே ஃபங்ஷனை அழையுங்கள். டிஎம்ஏ-வின் மீதமுள்ள எண்ணிக்கை ரெஜிஸ்டரை வாசித்து, பஃபர் அளவிலிருந்து கழித்தால் தற்போதைய எழுதும் இடம். பழைய வாசிப்பு இடத்தைக் கீழ்நோக்கி 32-க்கும், எழுதும் இடத்தை மேல்நோக்கி 32-க்கும் சீராக்கி, அந்த வீச்சை இன்வாலிடேட் செய்து, பைட்டுகளை உங்கள் சொந்த, டிஎம்ஏ தொடாத பஃபருக்கு நகலெடுங்கள். சுற்றித் திரும்பியிருந்தால் இரண்டு துண்டாக. ரெஜிஸ்டரை வாசித்த பிறகே இன்வாலிடேட் என்ற வரிசை முக்கியம். மாற்றிச் செய்தால் நடுவில் வந்த பைட்டுகளைப் பழையதாக வாசிப்பீர்கள்.

டெக்ஸ்ட் கட்டளை என்கிறீர்கள், அங்கேதான் விதி மீறப்படும். சரம் முடியும் இடத்தில் பூஜ்யம் வைக்க வேண்டும் என்று பஃபரிலேயே வைப்பார்கள். அந்த ஒரு பைட் லைனை டர்ட்டி ஆக்கிவிடும். எஸ்டிஆர்டோக் (சரத்தைத் துண்டாக்கும் சி ஃபங்ஷன்) இன்னும் மோசம், பிரிப்பான்கள் இருக்கும் இடமெல்லாம் பூஜ்யம் எழுதிக்கொண்டே போகும். வாசித்த பகுதியை மெம்செட்டால் துடைக்கும் பழக்கமும் அப்படியே. நகலெடுத்துவிட்டு நகலில் செய்யுங்கள். 115200 பாடில் நொடிக்கு 11,520 பைட்தான் வருகிறது, நகலெடுப்பதன் செலவை 400 மெகாஹெர்ட்ஸ் கோர் உணரக்கூட உணராது.

ரைட்-த்ரூ: நினைத்தது சரிதான், டர்ட்டி லைன் இருக்காது, பக்கத்து வேரியபிள் தொலையாது, அனுப்பும்போது கிளீன் தேவையில்லை. பெறும்போது இன்வாலிடேட் அப்போதும் வேண்டும், பழைய லைன் கேஷில் இருக்கத்தானே செய்யும். ஆனால் எச்743-க்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இதில் இருப்பது எம்7-இன் ஆர்1பி1 திருத்தம். டி-கேஷ் ரைட்-த்ரூவில் இருக்கும்போது குறிப்பிட்ட ஸ்டோர்-லோட் வரிசையில் தரவு கெடலாம் என்று எஸ்டி-யின் எர்ராட்டா (சிப்பின் அறியப்பட்ட குறைகள்) தாளிலேயே இருக்கிறது. ஒரு தரவுக் கேடு பிரச்சினையை இன்னொன்றால் மூடுவானேன்.

---

டேட்டாஷீட்டுதாசன் பதில்:

ஈதர்நெட்டுக்கு வர்றேன். அங்க முகவரி வாரியா கேஷ் பராமரிப்பு பண்ற வழி பாக்கெட் பஃபருக்குச் சரி, டிஸ்கிரிப்டருக்கு (பஃபரோட முகவரி, நீளம், நிலையை டிஎம்ஏ-வுக்குச் சொல்ற சின்னப் பதிவு) சரிப்படாது. ஹார்டுவேர் டிஸ்கிரிப்டர் 4 வேர்டு, 16 பைட். எச்ஏஎல் (எஸ்டி-யோட டிரைவர் நூலகம்) ஸ்ட்ரக்ட்ல ரெண்டு வேர்டு கூடச் சேர்த்து 24. எப்படிப் பார்த்தாலும் ஒரு 32 பைட் லைன்ல ஒண்ணுக்கு மேல உட்காரும். ஒண்ணு சிபியு கையில, பக்கத்துல இருக்கிறது டிஎம்ஏ கையில. சிபியு தன்னோடதை எழுதிட்டு கிளீன் பண்ணினா, டிஎம்ஏ இப்பத்தான் திருப்பிக் கொடுத்த ஓன் பிட்டை (டிஸ்கிரிப்டர் யார் கையிலன்னு சொல்றது) பழைய மதிப்பால மூடிடும். எண்ணி விஷயத்துல பார்த்த அதே கதை, இந்தத் தடவை ரெண்டு பக்கமும் எழுதுறாங்க.

அதனால டிஸ்கிரிப்டர்களைக் கேஷ் பண்ணாத இடத்துல வைங்க. எஸ்ராம்3 முழுசா எடுத்துக்கலாம்: எம்பியு ரீஜன் அடிமுகவரி 30040000, அளவு 32 கேபி, டெக்ஸ் 1, சி 0, பி 0, எஸ் 0, கோடு ஓட்டத் தடை. இந்த பிட்டுகள் சொல்ற நினைவக வகை நார்மல், நான்-கேஷபிள். அளவு ரெண்டோட அடுக்காவும், அடிமுகவரி அந்த அளவோட மடங்காவும் இருக்கணும். 32 கேபி-ல ஒவ்வொரு சப்ரீஜனும் 4 கேபி, வேண்டாததை அணைக்கலாம். எச்743-ல 16 ரீஜன் இருக்கு. ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா எண் பெரிசா இருக்கிறது ஜெயிக்கும். பின்னணி மேப்பை அனுமதிக்கிற பிட்டைப் போட மறந்தீங்கன்னா, ரீஜன் இல்லாத எந்த முகவரியைத் தொட்டாலும் ஃபால்ட்.

சிலர் டெக்ஸ் 0, சி 0, பி 1 போட்டு டிவைஸ் நினைவகமா ஆக்குவாங்க. டிஸ்கிரிப்டருக்கு அது ஓடும், எழுதுற வரிசையும் காப்பாத்தப்படும். ஆனா பாக்கெட் பஃபரையும் அதே ரீஜன்ல வெச்சா மாட்டுவீங்க. ஈதர்நெட் ஹெட்டர் 14 பைட், அதுக்கு அப்புறம் வர்ற ஐபி ஹெட்டர் 4-க்குச் சீரா இருக்காது. டிவைஸ் நினைவகத்துல சீரில்லாத வேர்டு லோட் வந்தா எம்7 யூசேஜ் ஃபால்ட் அடிக்கும். பிங் ஓடும், டிசிபி தொடங்கினதும் ஹார்ட்ஃபால்ட்னு புலம்புறவங்க சிஎஃப்எஸ்ஆர்-ல (ஃபால்ட் காரணம் பதியுற ரெஜிஸ்டர்) அன்அலைண்ட் பிட்டைப் பார்த்தாலே தெரிஞ்சிடும்.

நார்மல் நான்-கேஷபிள்னு வெச்சா வரிசையை நீங்க பார்த்துக்கணும். முகவரி, நீளம் எழுதி, டிஎம்பி (எழுதுற வரிசையைக் காப்பாத்துற கட்டளை), அப்புறம் ஓன் பிட். டெயில் பாயிண்டர் ரெஜிஸ்டரை (புது டிஸ்கிரிப்டர் தயார்னு டிஎம்ஏ-வுக்குச் சொல்றது) தட்டுறதுக்கு முன்னாடி டிஎஸ்பி. கேஷ் இல்லைன்னாலும் ஸ்டோர் பஃபர் இருக்கு; டெயில் பாயிண்டர் முந்திக்கிட்டா டிஎம்ஏ பழைய டிஸ்கிரிப்டரைப் படிச்சுட்டு சும்மா நிக்கும்.

மெயின்ல வரிசை: எம்பியு முதல்ல, ஐ-கேஷ், டி-கேஷ் அப்புறம். கேஷ் ஓடும்போது ஒரு பகுதியை நான்-கேஷபிளா மாத்தினா, ஏற்கெனவே உள்ள டர்ட்டி லைன் அங்கேயே பதுங்கி இருந்து எப்பவோ ஒரு நாள் எவிக்ட் ஆகி விழும். மாத்தியே ஆகணும்னா முன்னாடி கிளீன்-இன்வாலிடேட்.

எஸ்டி கார்டு வரப்போகுதுன்னா இதையும் சொல்லிடறேன்: ஃபேட்எஃப்எஸ் (கோப்பு முறை நூலகம்) முழு செக்டர்களை உங்க பாயிண்டருக்கே நேரா வாசிக்கும், நடுவுல நகல் இல்ல. 512 பைட் 16 லைனுக்குச் சரியா இருக்கு, ஆனா பாயிண்டர் சீரில்லைன்னா முதலும் கடைசியும் பழைய கதைதான்.

---

கெர்னல்கிறுக்கு பதில்:

ஜிங்க்-7000 பக்கம். இரண்டு கார்டெக்ஸ்-ஏ9, ஒவ்வொன்றுக்கும் 32 கேபி எல்1 டி-கேஷ், பொதுவாக 512 கேபி எல்2, லைன் 32 பைட். எஃப்பிஜிஏ-விலிருந்து நான்கு எச்பி போர்ட்டுகள் வழியே டிடிஆர்-ஐ (முதன்மை ராம்) தொட்டால் கேஷை யாரும் ஸ்னூப் செய்வதில்லை (அங்கே புதிய பிரதி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை), எச்7-ஐப் போலவே எல்லாம் உங்கள் பொறுப்பு. ஏசிபி போர்ட், கேஷ்களை ஒத்திசைக்கும் எஸ்சியு வழியாகப் போகிறது. ஆனால் கம்பி இணைத்ததாலேயே கோஹெரண்ட் ஆகிவிடாது. வாசிப்புக்கு, போர்ட்டின் சிக்னல்களில் ஏஆர்யூசர்-இன் 0-ஆவது பிட்டும் ஏஆர்கேஷ்-இன் 1-ஆவது பிட்டும், எழுதுவதற்கு ஏடபிள்யூ பக்கத்தில் அதே இரண்டும், 1 ஆக இருக்க வேண்டும். எஃப்பிஜிஏ-வில் உள்ள ஐபி கோர் (ஆயத்த டிசைன் பிளாக்) அவற்றை 0-வில் விட்டிருந்தால் ஏசிபி-யில் இருந்தும் பழைய தரவுதான் வரும்.

டிரைவரில் கேஷ் ஃபங்ஷன்களை நேரடியாக அழைக்காதீர்கள், டிஎம்ஏ ஏபிஐ-யிடம் விடுங்கள். டிஸ்கிரிப்டர் போல இரு பக்கமும் அடிக்கடி தொடும் சிறு பகுதிக்கு டிஎம்ஏ அலாக் கோஹெரண்ட். தரவுப் பஃபருக்கு கேமல்லாக் (கெர்னலில் நினைவகம் ஒதுக்கும் ஃபங்ஷன்), பிறகு டிஎம்ஏ மேப் சிங்கிள். மேப் செய்த நொடியிலிருந்து பஃபர் சாதனத்துடையது. வாசிக்க வேண்டுமானால் "சிங்க் ஃபார் சிபியு", வாசித்து முடித்துத் திரும்பக் கொடுக்கும்போது "சிங்க் ஃபார் டிவைஸ்". திசையைச் சரியாகச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் இருதிசை என்று போட்டால் ஓடும், ஆனால் தேவையற்ற கிளீன் ஒவ்வொரு முறையும். மேப் செய்ததில் பிழை வந்ததா என்று சோதிக்கும் ஃபங்ஷனைத் தவிர்க்காதீர்கள்.

ஸ்டாக்கில் இருக்கும் அரேயையும், மாட்யூலின் குளோபல் அரேயையும் மேப் செய்யக் கூடாது. மாட்யூல் குளோபல்கள் விமல்லாக் பகுதியில் (பிசிகல் நினைவகம் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லாத பகுதி) இருப்பவை, அந்த முகவரியிலிருந்து பிசிகல் முகவரியை மேப் சிங்கிள் கணக்கிடும் முறை அங்கே பொருந்தாது. கேமல்லாக் தருவது டிஎம்ஏ-வுக்கு ஏற்ற சீரமைவோடு வரும். ஆனால் ஒரு ஸ்ட்ரக்ட்டுக்குள் பஃபரையும் ஸ்பின்லாக்கையும் எண்ணியையும் பக்கத்தில் வைத்து அந்த ஸ்ட்ரக்ட்டை ஒரே கேமல்லாக்கில் எடுத்தால், மேலே 180-ஆவது பைட்டில் நடந்தது கெர்னலில் நடக்கும். பஃபருக்குத் தனி கேமல்லாக் எடுப்பதே சுலபம்.

நீங்களே எல்1, எல்2 இரண்டையும் பராமரிக்க நேர்ந்தால், பேர்மெட்டலில் (ஓஎஸ் இல்லாமல்) சொல்கிறேன், வரிசை திசைக்குத் திசை மாறும். கிளீன் செய்யும்போது எல்1 முதலில், பிறகு எல்2. இன்வாலிடேட் செய்யும்போது எல்2 முதலில், பிறகு எல்1. எல்1-ஐ முதலில் காலி செய்தால், எல்2-வில் இன்னும் கிடக்கும் பழைய லைனை ப்ரீஃபெட்ச் மறுபடி எல்1-க்குள் ஏற்றிவிட வாய்ப்புண்டு.

டிவைஸ் ட்ரீயில் (ஹார்டுவேரை கெர்னலுக்கு விவரிக்கும் கோப்பு) "டிஎம்ஏ-கோஹெரண்ட்" என்ற பண்பு ஒன்று உண்டு. யாரோ எழுதிய ட்ரீயை நகலெடுக்கும்போது அதுவும் ஒட்டிக்கொண்டு வரும். எச்பி போர்ட்டில் இருக்கும் சாதனத்துக்கு அது இருந்தால் கெர்னல் கேஷ் பராமரிப்பையே தவிர்த்துவிடும். உங்கள் டிரைவர் கோடு அட்சரம் பிசகாமல் சரியாக இருந்தும் பழைய தரவு வரும். கோடில் இரண்டு நாள் தேடும் முன் அந்த ஒரு வரியைப் பாருங்கள்.

வேகம் பற்றி: இந்த எஸ்ஓசி-யில், கோஹெரண்ட் இல்லாத சாதனத்துக்கு அலாக் கோஹெரண்ட் தருவது கேஷ் செய்யாத மேப்பிங். பெரிய ஃப்ரேம்களை அதில் வாங்கி, எம்மேப் செய்து (யூசர் நிரலுக்கு நேராகக் காட்டி), யூசர்ஸ்பேசில் மெம்காப்பி செய்தால் ஒவ்வொரு வாசிப்பும் டிடிஆர் வரை போய் வரும். "டிஎம்ஏ வேகமாக இருக்கிறது, நகலெடுப்பது ஆமை" என்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான். பெரிய தரவுக்கு மேப் சிங்கிள் வழியே போங்கள்.

டெவலப்மென்ட் கெர்னலில் டிஎம்ஏ ஏபிஐ டீபக் விருப்பத்தை இயக்கி வையுங்கள். தவறான திசை, அன்மேப் மறந்தது, பிழை சோதிக்காதது எல்லாவற்றையும் டிமெசேஜில் (கெர்னல் லாக்) திட்டும். டிரைவரை முதலில் எக்ஸ்86 கணினியில் பிசிஐஇ கார்டு வைத்துச் சோதிப்பதாக இருந்தால், அங்கே சாதனத்தின் டிஎம்ஏ கேஷை ஸ்னூப் செய்துவிடும். சிங்க் அழைப்புகளை முழுக்க மறந்திருந்தாலும் சரியாக ஓடும். ஜிங்க்குக்கு வந்த அன்றுதான் தெரியும்.

---

சாலிடர்புகை:

டிவைஸ் ட்ரீயைத் திறந்து பார்த்தேன். மாதிரி டிசைனிலிருந்து எடுத்தது, அங்கே ஏசிபி, எங்களுடையது எச்பி0. அந்தப் பண்பு அப்படியே இருக்கிறது. எடுத்துவிட்டேன். ஏசிபி-க்கே மாறலாமா என்றும் யோசிக்கிறேன், தரவு ஒரு முறைக்கு 4 எம்பி.

---

கெர்னல்கிறுக்கு பதில்:

4 எம்பி என்றால் எச்பி-யிலேயே இருங்கள். எல்2 மொத்தமே 512 கேபி. ஏசிபி வழியாக அத்தனையையும் தள்ளினால் சிபியு-வுக்கு வேண்டிய லைன்களெல்லாம் எல்2-விலிருந்து வெளியேறும், உங்கள் தரவின் முன்பகுதியும் வாசிக்கும் முன்பே டிடிஆர்-க்குப் போயிருக்கும். டிஸ்கிரிப்டர்கள், சில கேபி அளவு கட்டளைப் பெட்டிகள் போன்றவற்றுக்கு ஏசிபி நன்று. இரண்டையும் கலந்து வைப்பதானால் டிவைஸ் ட்ரீயில் தனித்தனி சாதன நோடாகப் பிரியுங்கள், அந்தப் பண்பு நோடுக்கு ஒன்றுதான்.